இலண்டன் நத்தாரும் ஐந்து பெட்டிப் பணியாரமும்

இலண்டன் மாநகருக்குச் சென்று மீள்வோர் எழுதும் கட்டுரைகளில் தவறாது இடம்பெறுவன சில உள. தேம்ஸ் நதி, கோபுரப் பாலம், அரண்மனை வாயிலிற் காவலர் மாறும் காட்சி, நூதனசாலை என்பன அவை. அவற்றையெல்லாம் நாமும் கண்டோம். ஆயினும் அவற்றைப் பற்றி எழுத எம்மினும் வல்லார் பலர் உளராதலின், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பணியாரத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம். அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘மின்ஸ் பை’ என்பதாகும்.

பணியாரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்பணியாரத்தின் பெயரால் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கிடையே ஓராண்டுக் காலம் போக்குவரவு நின்றிருந்தது என்பதையும், அதனை மீண்டும் தொடக்கி வைக்கும் பொறுப்பு எமது தலையில் வந்து விழுந்தது என்பதையும் அறிந்தால் அவ்வாறு நினைக்கமாட்டார்கள்.

ரூட்டிங்கில் ஒரு வீடு

2023ஆம் ஆண்டு மார்கழி மாத நடுப்பகுதியில் எமது தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தோம். தென் இலண்டனில் ரூட்டிங் என்னும் பகுதியில் அவ்வீடு உள்ளது. நிலத்தடிப் புகையிரதத்தில் ரூட்டிங் புரோட்வே நிலையம் வரை சென்று, படியேறி வெளியே வந்தால், ஏழாம் எட்வேர்ட் மன்னரின் சிலை எதிரே நிற்கும். மன்னரைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால், முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பரப்பிய கடைகளைக் காணலாம். தோசையின் வாசனை மூக்கைத் தொடும். யாழ்ப்பாணத்துத் தமிழ் காதில் விழும். வேற்று நாட்டில் நிற்கிறோம் என்பதை நினைவூட்டுவன குளிரும் இருளுமே. அம்மாதத்தில் மாலை நான்கு மணியாகு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறான்.

தமக்கையார், அத்தான், பதினான்கு வயது மருமகன், ஒன்பது வயது மருமகள் ஆகியோருடன் அத்தானின் தாயாரும் அவ்வீட்டில் வாழ்கிறார். நாம் அவரை மாமி என்று அழைப்பது வழக்கம். மாமி பிறந்தது முதல் மச்சம் தொடாதவர். முட்டையும் அவ்வாறே. காலையில் நீராடி விளக்கேற்றிய பின்னரே தேநீர் அருந்துவார்.

அடுத்த வீட்டில் ஆங்கிலேய மூதாட்டியார் ஒருவர் கணவரை இழந்து தனியே வாழ்கிறார். மாமிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மாமிக்குத் தெரிந்த ஆங்கிலம் இருபது சொற்களைத் தாண்டாது. அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. இருந்தும் இருவரும் வேலியின் இருபுறமும் நின்று செடிகளைக் காட்டியும் கைகளை அசைத்தும் நெடுநேரம் உரையாடுவர் என்று தமக்கையார் சொன்னார்.

அந்த உரையாடல் 2022ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் நின்றுபோயிற்று. அன்று மாலை மூதாட்டியார் ஒரு தட்டில் ஆறு பணியாரங்களை வைத்துத் துணியால் மூடிக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். வீட்டில் மாமியைத் தவிர எவரும் இருக்கவில்லை. இது யாது என மாமி வினவ, ‘மின்ஸ் பை’ என்று அவர் விடை பகர்ந்திருக்கிறார். மாமி அறிந்த இருபது சொற்களுள் ‘மின்ஸ்’ என்பதும் ஒன்று. இறைச்சிக் கடைப் பலகையில் அரைத்த இறைச்சிக்கு எழுதப்படும் பெயர் அது என்று பேரன் சொல்லிக் கொடுத்திருந்தான். மாமி திடுக்கிட்டு, “இறைச்சி வேண்டாம், வேண்டாம்” என்று ஆங்கிலத்திற் கூறிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அதன்பின் மூதாட்டியார் தலையை அசைப்பதோடு சரி. வேலியருகே வந்து நிற்பதில்லை.

“அந்த மனிசியின்ரை முகம் வாடிப்போச்சுத் தம்பி. வேண்டாமெண்டு சொன்னது பிழையில்லை. கதவைச் சாத்தினது பிழை” என்று மாமியே எம்மிடம் வருந்திச் சொன்னார்.

இவ்வாண்டு நத்தாருக்கு முதல்நாள் மூதாட்டியாரைத் தேநீருக்கு அழைப்பதெனத் தமக்கையார் முடிவு செய்திருந்தார். “அவவுக்கு முன்னாலை மின்ஸ் பையைத்தான் வைக்கவேணும். மாமியும் அதை எடுத்து அவவோடை சாப்பிடவேணும். அப்பிடியொண்டு கடையளிலை இருக்கோ எண்டு நீதான் பார்த்து வா. உனக்கு இஞ்சை வேறை வேலையில்லைத்தானே” என்று எம்மைப் பணித்தார்.

மாமியின் ஐயம் பிழையா?

பணியாரத்தின் இயல்பை முதலில் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். எமது நாட்டுத் தேநீர்க் கடைகளிற் கிடைக்கும் பற்றிஸ் எண்ணெயிற் பொரிக்கப்படுவது, பிறைவடிவானது. மின்ஸ் பையோ போறணையில் வெதுப்பப்படுவது; மூடியிட்ட சிறு கிண்ணம் போன்றது. கோதுமை மாவையும் கொழுப்பையும் பிசைந்து செய்த ஓட்டினுள்ளே கரிய நிறமான இனிய களி ஒன்று இருக்கும். முந்திரிகை வற்றல், சிறிய கொரிந்து வற்றல், அப்பிள், சீனிப்பாகில் ஊறிய தோடம்பழத் தோல், சீனி ஆகியவற்றோடு கறுவா, சாதிக்காய், கராம்பு முதலிய வாசனைத் திரவியங்களும் சேர்ந்தது அக்களி. மாவோட்டினுள் இனிப்பை மறைத்து வைக்கும் கலையில் எமது மோதகத்திற்கு இதனைத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

அவ்வாறாயின் இறைச்சியின் பெயர் எங்ஙனம் வந்தது? பழைய சமையல் நூல்களைப் பார்த்தால் மாமியின் ஐயம் முழுவதும் பிழையன்று என்பது புலனாகும். 1615இல் வெளிவந்த ஜேர்வாஸ் மார்க்கமின் நூலில் இப்பணியாரத்திற்கு ஆட்டின் தொடையிறைச்சி கூறப்பட்டுள்ளது. அதனுடன் வற்றல்களும் பேரீச்சம்பழமும் கராம்பும் சேர்ப்பர். இனிப்பையும் இறைச்சியையும் ஒன்றாகச் சமைப்பது அக்கால ஐரோப்பியருக்குப் புதுமையன்று. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனி பெருகி வந்த பதினெட்டாம் நூற்றாண்டில் இனிப்பின் கை ஓங்கிற்று. 1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் பெண்மணி எழுதிய நூலில், இறைச்சியை விரும்புவோர் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவிற்கு அது பின்தள்ளப்பட்டுவிட்டது. 1861இல் வெளிவந்த புகழ்பெற்ற பீற்றன் அம்மையாரின் நூலிலோ மாட்டிறைச்சி சேர்த்த முறை ஒன்றும், சேர்க்காத முறை ஒன்றும் அருகருகே காணப்படுகின்றன. அதன்பின் இறைச்சி மறைந்தது. பெயர் மாத்திரம் எஞ்சிற்று.

பெயரோடு இன்னுமொன்றும் எஞ்சிற்று. அதுவே ‘சூவெற்’ எனப்படும் கொழுப்பு. மாட்டின் சிறுநீரகத்தைச் சூழ்ந்திருக்கும் கட்டிக் கொழுப்பைத் துருவி உள்ளீட்டிற் சேர்ப்பது பழைய வழக்கம். இக்காலத்திற் பெட்டிகளில் வரும் பணியாரங்களிற் பெரும்பாலானவற்றில் தாவர எண்ணெயிற் செய்த கொழுப்பே சேர்க்கப்படுகிறது. எனினும் வீட்டில் செய்வோர் வாங்கும் போத்தல் உள்ளீடுகள் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பு இன்றும் உண்டு. ஆதலால் இறைச்சி இல்லை என்று சொன்னால் மாத்திரம் மாமிக்குப் போதாது.

இப்பணியாரத்தைச் சுற்றிக் கதைகளும் பல உள. நத்தார் முதல் பன்னிரண்டு நாட்களும் நாளொன்றுக்கு ஒன்றாக உண்டால், வரும் பன்னிரண்டு மாதமும் நன்மை விளையும் என்பர். நத்தாருக்கு முதல்நாள் இரவு, நத்தார்த் தாத்தாவுக்கென ஒரு பணியாரத்தையும், அவர் வண்டியை இழுக்கும் மானுக்கென ஒரு கரட்டையும் பிள்ளைகள் எடுத்து வைப்பர். கிறொம்வெல் ஆட்சியில் இது சட்டத்தால் தடுக்கப்பட்டதென்றும், நத்தாரன்று இதனை உண்பது இன்றும் சட்டப்படி குற்றமே என்றும் வேடிக்கையாகச் சொல்வாரும் உளர். உண்மை அதுவன்று. 1647இல் பாராளுமன்றம் நத்தார்ப் பண்டிகையையே ஒழித்துக் கட்டளை பிறப்பித்தது. பணியாரத்தைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. 1660இல் மன்னராட்சி மீண்டபோது அக்கட்டளையும் செல்லாதொழிந்தது.

பெட்டியின் பின்புறம்

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு நாம் கடைகளுக்குப் புறப்பட்டோம். மருமகன் வழிகாட்டியாக வந்தான். பேரங்காடிகளில் இப்பணியாரம் இலையுதிர் காலத்திலேயே தலைகாட்டிவிடுகிறது. மார்கழியிலோ சுவர் சுவராக அடுக்கப்பட்டிருக்கிறது. பெட்டி ஒன்றில் ஆறு பணியாரங்கள் இருப்பது வழக்கம். ஒவ்வொன்றும் மெல்லிய அலுமினியத் தகட்டுக் கிண்ணத்தில் அமர்ந்திருக்கும். பெட்டியின் முகப்பில் பனியும் மணியும் நட்சத்திரமும் தீட்டப்பட்டிருக்கும். முகப்பைப் பார்ப்பவன் ஏமாறுவான். பின்புறத்தைப் படிப்பவனே தெளிவடைவான் என்பது அன்று நாம் கற்ற முதற்பாடம்.

பின்புறத்திற் சேர்பொருட்கள் யாவும் எடையின் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். மிகுதியாக உள்ளது முதலிலும், குறைவாக உள்ளது கடையிலும் வரும். உள்ளீடு நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். முட்டை, பால், கோதுமை போன்று சிலர் உடலுக்கு ஒவ்வாத பொருட்களைத் தடித்த எழுத்தில் அச்சிடுவர். முட்டையைத் தேடும் எமக்கு இது பேருதவியாயிற்று.

இங்கே எம்மவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ‘மரக்கறி உணவினர்க்கு ஏற்றது’ என்று பெட்டியில் எழுதியிருந்தால், அதில் இறைச்சியும் விலங்குக் கொழுப்பும் இல்லை என்பதே பொருள். பாலும் முட்டையும் இருக்கலாம். ஆங்கிலேயரின் மரக்கறி உணவில் முட்டைக்குத் தடையில்லை. மாமியின் சைவ உணவிலோ அதற்கு இடமில்லை. ‘வீகன்’ என்று எழுதியிருந்தால் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. அதுவே மாமிக்கு ஏற்றதென முடிவு செய்து நாம் பெட்டியைக் கையில் எடுத்தபோது, மருமகன் எமது தோளைத் தட்டினான். “மாமா, கடைசி வரியைப் பாருங்கோ” என்றான். பிராந்தி என்று அங்கே எழுதியிருந்தது. பிராந்தி திராட்சையிலிருந்து வடிப்பதாகலின், அதனாற் பணியாரம் அந்தப் பெயரை இழப்பதில்லை. விளக்கேற்றும் கையால் மாமி அதனைத் தொடுவாரா?

வழியில் ஒரு சிறிய பேக்கரியிலும் புகுந்தோம். அன்று காலை வெதுப்பிய பணியாரங்கள் வெண்சீனித் தூள் தூவித் தட்டிற் கிடந்தன. பெட்டியுமில்லை, எழுத்துமில்லை. என்ன கொழுப்புச் சேர்த்தீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டோம். அவர் முகஞ்சுளிக்காது உள்ளே சென்று, உள்ளீடு வந்த வாளியை எடுத்துவந்து படித்துக் காட்டினார். மாட்டுக் கொழுப்பு! நன்றி கூறி வெளியேறினோம். எழுத்தில்லாத இடத்தில் வாய்விட்டுக் கேட்பதற்கு நாணக்கூடாது என்பது இரண்டாவது பாடம்.

சமையலறையில் ஒரு பரீட்சை

இறுதியில் ஐந்து பெட்டிகளுடன் வீடு திரும்பினோம். அன்று மாலை சமையலறை மேசை பரீட்சை மண்டபமாயிற்று. பெட்டிகளை மறைத்து, தட்டுகளின் அடியில் இலக்கமிட்டு, எது எங்கிருந்து வந்ததென எவரும் அறியாதபடி மருமகன் ஒழுங்கு செய்தான். பணியாரங்களை மெல்லிய சூட்டில் பத்து நிமிடம் போறணையில் வைத்தெடுத்தோம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் வெறுந்தேநீரால் வாயைக் கழுவிக்கொண்டோம். அத்தான், தமக்கையார், பிள்ளைகள் இருவர், நாம் என நடுவர் ஐவர். தேநீர்க் கோப்பையுடன் மாமி பார்வையாளராக அமர்ந்திருந்தார்.

முதலாவது, மலிவு விலைக்குப் பெயர்போன சிக்கனக் கடை ஒன்றில் வாங்கியது. ஓடு தடிப்பாயும் வெளிறியும் இருந்தது. ஓட்டையும் உள்ளீட்டையும் பிரித்துத் தராசில் நிறுத்தபோது ஓடே வென்றது. உள்ளே சீனியின் இனிப்பு மேலோங்க, வற்றல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தென்பட்டன. மருமகள் மாத்திரம் அதற்குப் பத்துக்குப் பத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது, அயலிலுள்ள பெரிய அங்காடி தனது பெயரிலேயே விற்கும் சாதாரணப் பெட்டி. ஓடு மெல்லியதன்று, ஆயினும் வாயில் வைத்ததும் உதிர்ந்தது. தோடம்பழத் தோலின் மணம் முதலிலும், கறுவாவின் மணம் பின்னரும் வந்தன. ஓட்டும் உள்ளீடும் ஏறக்குறையச் சமமாய் நின்றன. வியந்து பாராட்ட ஒன்றுமில்லை. குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

மூன்றாவது, உயர்தரக் கடையொன்றின் விலைகூடிய பெட்டி. நட்சத்திர வடிவ மூடி. வெண்ணெயிற் பிசைந்த மா. பிராந்தியில் ஊறிய வற்றல். சுவையில் இதற்கு நிகராக மற்ற நான்கில் ஒன்றும் இல்லை என நடுவர் நால்வர் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் அதன் மணமே மாமியை இரண்டடி பின்னால் நகரச் செய்தது.

நான்காவதில் உள்ளீடு நிறைந்து, கிண்ணமும் ஆழமாய் இருந்தது. மேலே தங்கநிறமான மினுக்கம். அம்மினுக்கம் முட்டை பூசியதால் வந்ததென்பதைத் தடித்த எழுத்துக் காட்டிக்கொடுத்தது. ஐந்தாவது, நாம் முன்னர்க் கூறிய வீகன் பெட்டி. ஓடு சற்று வரண்டிருப்பினும் உள்ளீடு நன்றாகவே இருந்தது; பிராந்தி ஒன்றே குறை.

புள்ளிகளைக் கூட்டியபோது முதலிடம் மூன்றாவது பெட்டிக்குக் கிடைத்தது. ஆனால் எமக்கு வேண்டியது சுவையான பணியாரம் மாத்திரமன்று. இரண்டு மூதாட்டிகள் ஒரே தட்டிலிருந்து எடுக்கக்கூடிய பணியாரம். விலங்குக் கொழுப்பில்லை, முட்டையில்லை, மதுவில்லை என்னும் மூன்று வாயில்களையும் கடந்து, ஆங்கிலேயர் முன்னிலையில் வைப்பதற்கும் தகுதியாய் நின்றது இரண்டாவது பெட்டி ஒன்றே. அதிலிருந்த பால் மாமிக்கு விலக்கன்று. ஆடம்பரமற்ற நடுத்தரப் பெட்டி வெற்றி பெற்றதில் எமக்கும் உள்ளூர மகிழ்ச்சியே.

தமக்கையார் மாத்திரம் மகிழவில்லை. “எல்லாம் சரி. ஆனால் கடையிலை வாங்கினதை ஒரு வெள்ளைக்கார மனிசிக்கு முன்னாலை நத்தாரிலை வைக்கிறதோ? அவ தன்ரை கையாலை செய்து கொண்டுவந்தவ. எங்களை என்ன நினைப்பா?” என்றார். அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

முந்நூற்று அறுபது ஆண்டுக்கு முன்னொரு நத்தார்

விடை மறுநாள் கிடைத்தது. பாங்க் நிலையத்தில் இறங்கி, பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களின் ஊடே நடந்து, இலண்டன் கோபுரத்திற்கு அண்மையிலுள்ள சீதிங் ஒழுங்கையை அடைந்தோம். பதினேழாம் நூற்றாண்டில் கடற்படை அலுவலகம் அங்கே இருந்தது. அதில் உயர்ந்த பதவி வகித்த சாமுவேல் பீப்ஸ் என்பாரின் இல்லமும் அங்கேயே. 1660 முதல் 1669 வரை அவர் சுருக்கெழுத்தில் எழுதிவைத்த நாட்குறிப்பு, அக்கால இலண்டன் வாழ்க்கையை இன்றும் எமக்குக் காட்டும் கண்ணாடியாக விளங்குகிறது. சிறிய பூங்காவொன்றில் அவரது மார்பளவுச் சிலை உண்டு. அருகிலுள்ள புனித ஒலாவ் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

1662ஆம் ஆண்டு நத்தார் தினத்தைப் பற்றி அவர் எழுதியது எமக்கு நினைவு வந்தது. மனைவி நோயுற்றிருந்தமையால் அன்று அவர் கட்டிலருகே இருந்து உணவருந்தினார். வீட்டில் மின்ஸ் பை செய்ய மனைவிக்கு இயலவில்லை. ஆகவே ஆளனுப்பி வெளியிலிருந்து ஒன்றை வருவித்து உண்டார். 1666இல், பெருந்தீ நகரை எரித்த சில மாதங்களின் பின்னர் வந்த நத்தாரிலோ, பணிப்பெண்கள் அப்பணியாரம் செய்வதை மேற்பார்த்து மனைவி விடிகாலை நான்கு மணி வரை விழித்திருந்ததாக எழுதுகிறார். கூடிய ஆண்டில் வீட்டிற் செய்தனர். கூடாத ஆண்டில் வெளியில் வாங்கினர். கடைப் பணியாரம் எம் காலத்துச் சோம்பலின் விளைவன்று. நோயாளியின் கட்டிலருகிலும் நத்தாரைக் கைவிடாதிருக்க உதவியதும் அதுவே.

சிலையின் முன் நின்றபோது வேறொரு நினைவும் எழுந்தது. 1665ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஆங்கிலேயர் கைப்பற்றிய ஒல்லாந்தக் கப்பலொன்றின் அடித்தளத்தைப் பார்வையிடச் சென்ற பீப்ஸ், முழங்காலுக்கு மேல் கராம்பும் சாதிக்காயும் குவிந்திருக்க அவற்றினூடே நடந்ததாகக் குறித்திருக்கிறார். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாகிவிட்டன. அவர் வாங்கி உண்ட பணியாரத்தில் கறுவா சேர்ந்திருக்குமாயின், அது எமது தீவின் காட்டில் உரித்து ஒல்லாந்தர் கப்பலேறிய பட்டையாக இருத்தல் கூடும். இக்காலப் பெட்டிகளில் ‘கறுவா’ என்றோ ‘வாசனைத் திரவியம்’ என்றோ மாத்திரம் எழுதுவர்; எந்நாட்டுப் பட்டை என்று எழுதுவதில்லை.

வீடு திரும்பித் தமக்கையாரிடம் பீப்ஸின் கதையைச் சொன்னோம். “அப்ப சரி. கடற்படைப் பெரியவருக்குக் காணுமெண்டால் எங்களுக்கும் காணும்” என்றார்.

இரண்டு தட்டுகள்

நத்தாருக்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. மூன்றரை மணிக்கே வெளியே இருள் சூழத் தொடங்கிற்று. தமக்கையார் இரண்டாவது பெட்டியின் பணியாரங்களைச் சூடாக்கி, நல்ல தட்டில் அடுக்கினார். பக்கத்தில் மாமி தமது கையாற் செய்த பயற்றம் பணியாரத்தை மற்றொரு தட்டில் வைத்தார்.

கதவு தட்டப்பட்டது. மாமியே எழுந்து சென்று திறந்தார். மூதாட்டியார் துணியால் மூடிய ஒரு தட்டுடன் நின்றார்! அழைக்கப்பட்ட வீட்டிற்கு வெறுங்கையுடன் செல்வது எங்கும் வழக்கமில்லைத்தானே. “இதில் இறைச்சி கிடையாது” என்பதே அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. ஓராண்டாக அவர் அதனைச் சொல்வதற்குக் காத்திருந்தவர் போல எமக்குத் தோன்றிற்று.

துணியை விலக்கியபோது பிள்ளைகள் சிரித்துவிட்டனர். அவர் கொண்டுவந்ததும் எமது இரண்டாவது பெட்டிப் பணியாரமே. அதே மூடி, அதே விளிம்பு! மூதாட்டியார் சிறிது நாணத்துடன் உண்மையைச் சொன்னார். தமது தாயார் வீட்டிலேயே செய்தவராம். தாமும் கணவர் இருந்தவரை செய்தவராம். ஒருவருக்காகப் போறணையை மூட்ட மனம் வராமையால், பல ஆண்டுகளாக அயலிலுள்ள அங்காடியில் ஒரு பெட்டி வாங்குவாராம். சென்ற ஆண்டு கொண்டுவந்ததும் அதுவேயாம். ஆறையும் தனியே உண்ண இயலாது. அதனால்தான் அடுத்த வீட்டு நினைவு வந்தது என்றார்.

மருமகன் இதனைத் தமிழாக்கிச் சொல்ல, மாமி சிறிது நேரம் பேசவில்லை. ஓராண்டுக்கு முன் தாம் கதவடைத்தது தமக்கு விலக்கான பொருளுக்கன்று என்பது அவருக்கு விளங்கிவிட்டது. எமது தட்டை விட்டு, மூதாட்டியாரின் தட்டிலிருந்தே ஒன்றை எடுத்தார். இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவர் கையில் வைத்துவிட்டு, மறுபாதியைத் தமது வாயிலிட்டார்.

“கறுவா வாசம் நல்லாக் கிடக்கு. இனிப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். தமது பணியாரத்தைத் தவிர வேறெதனையும் குறையின்றிப் புகழ்வது மாமியின் வழக்கமன்று.

பின்னர் பயற்றம் பணியாரத் தட்டை மூதாட்டியார் முன் நகர்த்தினார். அவர் ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, “இதில் இறைச்சி உண்டா?” என்று கேட்டார். மருமகன் மொழிபெயர்க்கு முன்னரே மாமிக்குப் புரிந்துவிட்டது. வீடு முழுவதும் சிரிப்பொலி எழுந்தது.

மறுநாள் நத்தார். அன்று இலண்டனில் புகையிரதமில்லை, பஸ்ஸில்லை. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய கடைகளும் திறவா. வீதியில் ஆளரவமற்ற அமைதி நிலவிற்று. சாளரத்தினூடே பார்த்தோம். நீண்ட குளிர்ச்சட்டைகளைப் போர்த்தியவாறு வேலியின் இருபுறமும் இருவர் நின்று கைகளை அசைத்துக்கொண்டிருந்தனர்.

மேற்படிப்பிற்காக அந்நாட்டிற்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. முகப்பை விடுத்துப் பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். எழுத்தில்லாத இடத்தில் கேளுங்கள். எமக்கு ஒவ்வாத உணவை மறுப்பதில் தவறில்லை. ஆனால் மறுக்கும்போது கதவைத் திறந்தபடியே வைத்திருங்கள். உள்ளே வந்து ஒரு தேநீர் அருந்துமாறு சொல்லுங்கள். தட்டில் இருப்பது என்னவென்பதைப் பிறகு ஆறுதலாக அறிந்துகொள்ளலாம்.